ஒரே இரத்தம், தனித்தனிப் பந்தி

மனிதர் எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று கிறித்தவம் சொல்வதற்கு, ஆதியாகமத்தை விட்டால் அதிகம் எடுத்தாளப்படும் இடம் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தின் 26ஆம் வசனம். ஏதென்ஸ் நகரத்து மார்ஸ் மேடையில் நின்று பவுல் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதை நம் பிரசங்கிமார் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏதென்ஸ்காரர்கள் தங்கள் முன்னோர் அந்த மண்ணிலிருந்தே முளைத்தவர்கள் என்று நம்பியவர்கள். மற்ற கிரேக்கரெல்லாம் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள், நாங்கள் மட்டுமே இந்த மண்ணின் பிள்ளைகள் என்பது அவர்களது அரசியல் பெருமை. கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர்கள் நாங்கள் என்று மேடை கட்டி முழங்குகிற நமக்கு இந்த மனநிலை ஒன்றும் அன்னியமில்லை. அவர்கள் முகத்துக்கு நேரே, வெளியூரிலிருந்து வந்த யூதன் ஒருவன், உங்களுக்கும் எனக்கும் மற்ற எவனுக்கும் மூலம் ஒன்றுதான் என்கிற பொருளில் பேசுகிறான். அந்தச் சபையில் இது பிறப்புப் பெருமையின் மேல் விழுந்த அடி.

இந்த வசனத்தில் ஒரு பாடபேதம் உண்டு. சினாயிப் பிரதி, வத்திக்கான் பிரதி போன்ற 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் ‘ஒன்றிலிருந்து’ என்று மட்டும்தான் இருக்கிறது. ‘இரத்தம்’ என்ற சொல் வேறு பிரதிகளின் வழியாக வந்து சேர்கிறது. ‘ஒன்று’ என்றால் எது? ஆதாமா, மண்ணா, வேறு ஏதாவதா? மூலச்சொல் பிடி கொடுக்காமல் நிற்கிறது. இரத்தம் சேர்ந்ததும் விஷயம் வம்சமாகி விடுகிறது. பின்னால் நடந்த பல கூத்துகளுக்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

தமிழில் இன்னொரு வேடிக்கை. கிரேக்கத்தில் ஒரு மக்கள்கூட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்கு நம் பழைய புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட சொல் ‘ஜாதி’. மனிதகுலம் ஒன்று என்று சொல்கிற இந்த வசனத்திலேயே ‘மனுஷஜாதி’ என்று வருகிறது. மத்தேயு கடைசி அதிகாரத்தில் சீடராக்கச் சொல்லப்படுகிறவர்கள் ‘ஜாதிகள்’. யூதரல்லாதவர் ‘புறஜாதியார்’. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தொல்காப்பிய மரபியலில்கூடச் ‘சாதி’ என்ற சொல் நீரில் வாழும் உயிரினங்களைக் குறித்துத்தான் வருகிறது. இனம், வகை என்ற பொருள் அதற்கு என்றுமே உண்டு. ஆனால் சொல்லுக்கு அகராதி மட்டும் பொருள் தருவதில்லை. ஊருக்கு வெளியே குடியிருந்துகொண்டு, கோயிலுக்குள் ஒரு மூலையில் பாய்விரித்து உட்கார்ந்த ஒருவர் காதில் ‘புறஜாதி’ என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்? புறஜாதியாருக்கும் இரட்சிப்பு உண்டு என்பது அவருக்கு யூத தேசத்துச் சமாச்சாரமாகக் கேட்டிருக்குமா, தன் தெருச் சமாச்சாரமாகக் கேட்டிருக்குமா? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘இனம்’ என்று மாற்றிக்கொண்டது. பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கிற சபைகளில் ‘ஜாதி’ இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆதாம் ஒருவனிடமிருந்து எல்லோரும் வந்தார்கள் என்ற கதையாடல் வரலாற்றில் என்ன வேலை பார்த்தது என்பதுதான் என் கேள்வி. அது உண்மையா பொய்யா என்பது வேறு கேள்வி; அதற்கும் பின்னால் வருகிறேன்.

அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ 16ஆம் புத்தகத்தில் ஒரு விசித்திரமான பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார். ஒற்றைக் கால் மனிதர்கள், நாய்த்தலை மனிதர்கள் என்றெல்லாம் பழைய நூல்கள் சொல்கிறதே, அவர்களும் ஆதாமின் மக்களா? அவர் தரும் விடை தெளிவானது. அப்படி ஆட்கள் இருக்கிறார்களா என்பதே சந்தேகம். இருந்து, அவர்கள் பகுத்தறிவுள்ள, சாகக்கூடிய உயிர்கள் என்றால், நிறமும் உருவமும் குரலும் எப்படி இருந்தாலும் அவர்கள் ஆதாமின் வழிதான். 5ஆம் நூற்றாண்டில் இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே, பூமியின் மறுபக்கத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை அவர் மறுக்கிறார். காரணம்? அந்தப் பெருங்கடலைத் தாண்டி ஆதாமின் பிள்ளைகள் அங்கே போயிருக்க முடியாதே. ஒரே மூலம் என்ற கோட்பாடு கண்ணுக்குத் தெரிகிற எவனையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. கண்ணில் படாதவனை ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறது.

1492க்குப் பிறகு மறுபக்கத்து மனிதன் கண்ணில் பட்டுவிட்டான். அவனை ஆதாமோடு இணைத்தாக வேண்டும். யேசுசபைக்காரரான ஹோசே தெ அகோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலில், பழைய உலகமும் புதிய உலகமும் எங்கோ ஓரிடத்தில் ஒட்டியோ நெருங்கியோ இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் இவர்கள் நடந்து வந்திருப்பார்கள் என்று ஊகித்தார். ஆதாம் கதையைக் காப்பாற்றப் போட்ட கணக்கு, ஆசியாவிலிருந்து வடக்கு வழியாக மக்கள் அமெரிக்கா சென்றார்கள் என்ற இன்றைய முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. வேதம் அறிவியலுக்கு எப்போதும் எதிரி என்று ஒரே தாளத்தில் பேசுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அரசியல் அவ்வளவு சுலபமாக இல்லை. 1537இல் மூன்றாம் பவுல் என்ற போப்பாண்டவர், செவ்விந்தியர்கள் உண்மையான மனிதர்கள், அவர்களது சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அறிவித்தார். அதை மீறுபவர்களுக்குத் தண்டனை விதித்த துணை ஆணையைப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் நெருக்குதலில் 1538இலேயே திரும்ப வாங்கிக்கொண்டார். கோட்பாடு நின்றது, தண்டனை போனது. 1550-51இல் வல்லாதோலித் நகரில் நடந்த விவாதத்தில் லாஸ் கசாஸ் ஒரு பக்கம், செபுல்வெதா மறுபக்கம். இதை ‘மனிதனா இல்லையா’ என்ற விவாதமாகத்தான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். செபுல்வெதா ஆதாமை மறுக்கவே இல்லை. இவர்களும் ஆதாமின் மக்கள்தான், ஆனால் அரிஸ்டாட்டில் சொன்ன ‘இயல்பான அடிமைகள்’ என்பது அவர் கட்சி. அண்ணன் தம்பியாக இருந்துகொண்டே ஒருவன் அடிமையாக இருக்கலாம் என்றால் அண்ணன் தம்பி என்பதற்கு என்ன அர்த்தம்? லாஸ் கசாசும் முற்றாகச் சுத்தமில்லை. செவ்விந்தியரைக் காப்பாற்ற ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்கத்தில் யோசனை சொன்னவர் அவர். பிறகு அதற்காக வருந்தி எழுதினார்.

ஆதாமை முதலில் பகிரங்கமாகக் கேள்வி கேட்டவர் ஒரு நாத்திகர் என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். போர்தோவைச் சேர்ந்த கால்வினிஸ்டு இசாக் லா பெரேர், 1655இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில், ரோமர் நிருபம் 5ஆம் அதிகாரத்தையே ஆதாரமாக வைத்து ஆதாமுக்கு முன்னும் மனிதர் இருந்தார்கள் என்றார். ஆதாம் யூதர்களின் தகப்பன் மட்டும். மற்றவர்கள் அதற்கு முன்பே படைக்கப்பட்டவர்கள். நூல் எரிக்கப்பட்டது, ஆளைப் பிடித்தார்கள், ரோமாபுரியில் 1657இல் கத்தோலிக்கராகித் தன் கருத்தைக் கைவிட்டார். அவருடைய நோக்கம் எவரையும் தாழ்த்துவது இல்லை. மனிதர் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பியவர். ஆனால் அவர் திறந்த கதவு வழியாக இருநூறு வருஷம் கழித்து யார் யாரோ நுழைந்தார்கள்.

அந்தக் கதையின் உச்சம் 1850இல், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில். பிலடெல்பியாவில் மண்டையோடுகளை அளந்துகொண்டிருந்த சாமுவேல் மார்ட்டனும் ஹார்வர்டின் லூயி அகாசியும் மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றியவை என்ற பக்கம் நின்றார்கள். அந்த வருஷம் மார்ச்சில் சார்ல்ஸ்டனில் கூடிய அறிவியல் மாநாட்டில் அகாசி அதை வெளிப்படையாகச் சொன்னார். அடிமை முறைக்கு இதைவிட வசதியான அறிவியல் வேறென்ன? ஆனால் அதை எதிர்த்து அதே ஊரில் அதே வருஷம் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஜான் பாக்மன், லுத்தரன் போதகர், பறவை ஓவியர் ஆடுபானோடு சேர்ந்து பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய இயற்கையியலாளர். கலப்பினங்கள் மலடாவதையும் மனிதக் கலப்பில் அப்படி ஆகாததையும் காட்டி, மனித இனம் ஒன்றே என்று நிறுவினார். விஞ்ஞான ரீதியில் அகாசியைவிட பாக்மன் சொன்னதே சரி.

இதே பாக்மன்தான் அடிமை முறையை ஆதரித்தவர். 1860 டிசம்பரில் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோகக் கூடிய மாநாட்டைச் செபம் செய்து தொடங்கி வைத்தவரும் அவரே. சார்ல்ஸ்டனின் பிரஸ்பிடேரியன் போதகர் தாமஸ் ஸ்மித் கதையும் இதுதான். மனித இனங்களின் ஒருமை பற்றி 1850இல் அவரும் ஒரு நூல் வெளியிட்டார், அடிமை முறையை அவரும் எதிர்க்கவில்லை. எப்படிச் சாத்தியம்? ஆதியாகமம் 9 கையில் இருக்கிறது. நோவா குடித்துவிட்டுக் கிடந்ததைப் பார்த்தவன் காம். சாபம் விழுந்ததோ காமின் மகன் கானான் மேல். வேதம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடிமை வியாபார உலகில் அது ‘காமின் சாபம்’ ஆகி, காம் ஆப்பிரிக்காவின் தகப்பனாகி, கறுப்பன் உழைக்கப் பிறந்த தம்பி ஆகிவிட்டான். ஒரே குடும்பம்தான், குடும்பத்துக்குள் மூத்தவன் இளையவன் உண்டு, சபிக்கப்பட்டவன் உண்டு. அகாசியின் தனித்தனித் தோற்றம் தென்மாநிலப் பக்தர்கள் பலருக்குத் தேவைப்படவே இல்லை. வேதத்துக்கு விரோதமான அந்தக் கொள்கை இல்லாமலேயே, ஆதாமை வைத்துக்கொண்டே, அடிமையையும் வைத்துக்கொள்ள முடிந்தது. கறுப்பர்களுக்கு அதே கோயிலில் ஞானஸ்நானம். உட்காருவது மாடத்தில்.

இதன் நடுவில் உட்கார்ந்து சரியாக யோசித்தவர், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். 1854 ஜூலையில் ஒஹையோவில் ஒரு கல்லூரி விழாவில் பேசும்போது, மார்ட்டன் கூட்டத்தாருக்கு எதிராக மனித இனத்தின் ஒருமையை அவர் விரிவாக வாதாடினார். எகிப்து, மண்டையோடு, மொழி என்று எல்லாவற்றையும் எடுத்தார். கடைசியில் ஒரு திருப்பம். ஒருவேளை இந்த வாதத்தில் நான் தோற்றாலும், கறுப்பனின் மூலம் வேறு என்றே நிரூபிக்கப்பட்டாலும், அவனுடைய உரிமை அதனால் குறையாது என்றார். மூலத்தை நம்பி உரிமையை அடகு வைக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆதாமைக் கொண்டே தன்னை அடிமையாக வைத்திருந்தவர்களை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். சார்ல்ஸ்டனிலாவது ஆதாமைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். இங்கே சபைக்குள் ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை. வேளாளக் கிறித்தவரும் பறையர் கிறித்தவரும் ஒரே ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவர்கள், ஒரே ஏவாளின் மக்கள் என்று ஒப்புக்கொண்டவர்கள். ஆகவே ஒரே மூலம் என்ற நம்பிக்கை தனியாக நின்று எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. முதல் தமிழ்க் குருவாக 1733இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அடுத்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயர் அடிபட்டது. பறையர், தஞ்சாவூர் மன்னர் படையில் இருந்தவர், கத்தோலிக்கராக இருந்து மாறி வந்து, தஞ்சாவூர்ப் பகுதியில் உபதேசியாக இருந்து அடிபட்டு மிதிபட்டு சபை வளர்த்தவர். தகுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். 1741இல் அபிஷேகம் தியேகு என்பவருக்குக் கிடைத்தது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாகவே இருந்தார். பிரச்சினை எங்கே வந்து முட்டியது என்று பாருங்கள். அவர் பிரசங்கம் கேட்கலாம், அவர் சொல்லிக் கொடுக்கிற ஆதாம் கதையைக் கேட்கலாம். அவர் கையிலிருந்து அப்பத்தை வாங்கி வாயில் போட முடியாது.

இந்த இழுபறி 1820களின் கடைசியில் தஞ்சாவூரில் வெடித்தது. புதிதாக வந்த மிஷனரிகள் பழைய ஏற்பாடுகளைக் கலைத்தார்கள். வேளாளக் கிறித்தவர்கள் எதிர்த்து விண்ணப்பம் எழுதினார்கள். அவர்கள் பக்கம் பேனா பிடித்தவர் சாதாரண ஆளில்லை. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் நான்கு என்று பட்டியல் போட்டார்கள்: வேதத்தின் தமிழை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள், கலியாணம் முதலிய சடங்குகளில் பூமாலையைத் தடுக்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனையை நிறுத்துகிறார்கள். இந்தப் பட்டியலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான்கில் மூன்று, இன்று வாசிக்கிற எவரையும் சாஸ்திரியார் பக்கம் சாய்த்துவிடும். கீர்த்தனையையும் பூவையும் மொழியையும் வெள்ளைக்காரன் ஏன் தொட வேண்டும்? பண்பாட்டு ஏகாதிபத்தியம் என்று நாமே கட்டுரை எழுதுவோம். அந்த மூன்றுக்கு நடுவில் நான்காவது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சாதி அங்கே ‘பண்பாடு’ என்ற பொட்டலத்துக்குள் வருகிறது. மண்ணின் மரபு, சுதேசிக் கிறித்தவம் என்றெல்லாம் பேசுகிறபோது பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் அனுப்பிய சுற்றுக்கடிதம் சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்றது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். 1835 தொடக்கத்தில் வில்சனே திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் வந்து பேசிப் பார்த்தார். வெளியேறியவர்கள் கட்சி இதுதான்: சாதி என்பது மத விஷயமில்லை, உலக வழக்கம், மோட்சத்தில் எல்லோரும் சமம் என்று நாங்களும் நம்புகிறோம், உங்கள் சீமையில் பிரபுவும் கூலியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா? கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆதாமின் மக்கள் என்று சொல்லிக்கொண்டே, தமிழ் உபதேசியைத் தன் மேசையில் உட்கார வைக்காத வெள்ளைக்காரப் பாதிரிகள் இருந்தார்கள். ஆனால் கேட்டவர்கள் அந்தக் கேள்வியைத் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் சார்பில் கேட்கவில்லை.

கவனிக்க வேண்டியது, இரண்டு தரப்பும் சண்டை போட்டது ஆதாமைப் பற்றி இல்லை என்பது. உலக வழக்கம், மத வழக்கம் என்று பிரித்ததும் ஆதாம் மத வழக்கத்துப் பக்கம் போய்விடுகிறார், பந்தி உலக வழக்கத்துப் பக்கம் வந்துவிடுகிறது. மிஷனரிகளுக்கு இது மெல்லத்தான் புரிந்தது. விசுவாசப் பிரமாணத்தை எத்தனை தடவை சொல்ல வைத்தாலும் சாதி கரையாது என்று கண்ட மதுரை அமெரிக்கன் மிஷன் 1847இல் சோதனையை மாற்றியது. ‘அன்பு விருந்து’ வைத்து, யார் சமைத்தாலும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். உபதேசிகள் உட்படப் பலர் சாப்பிட மறுத்து விலக்கப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும், சேர்ந்துண்ணத் தயாராக இல்லாதவரைச் சபையில் சேர்க்கக்கூடாது என்ற நிலைக்கு வந்தது. சேராமல் நின்றது லைப்சிக் லுத்தரன் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரௌல், குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர், 1849 முதல் 1853 வரை நேரில் இருந்து பார்த்துவிட்டு, சாதியைப் படிப்படியாகத்தான் கரைக்க முடியும், விருந்து வைத்துப் பரீட்சை நடத்தக்கூடாது என்றார். வில்சனிடமிருந்து வெளியேறிய வேளாளர்களில் பலர் பின்னால் லுத்தரன் சபையில் போய்ச் சேர்ந்தார்கள். அதே பாக்மனின் லுத்தரன் மரபு, வேறு கண்டத்தில்.

கத்தோலிக்கர் தரப்பில் இதையே செங்கல்லில் கட்டி வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி, பீடத்தில் வந்து சேரும்படி. ஒரு கூடம் பிள்ளை, முதலியார்களுக்கு, மற்றது நாடார்களுக்கு. பூசை ஒன்று, அப்பம் ஒன்று, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கடவுளைப் பார்க்கலாம். 1910 வாக்கில் குருக்கள் தடுப்பை எடுத்தபோது மேல்சாதியார் வழக்குப் போட்டார்கள். 1917இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களது தனியுரிமையை ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிரமிப்பு அந்தக் கட்டடத்தின் தர்க்கம்தான். ஒரே மூலம், பிரிந்த கிளைகள். வம்ச விருட்சத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிய கோயில் அது.

வம்சம் என்ற வடிவத்துக்குள்ளேயே இந்தக் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். வம்சவரிசை இரண்டு பேரை உறவாக்குகிற அதே மூச்சில் அவர்களை மூத்தவன், இளையவன், நேர்க்கிளை, ஓரக்கிளை என்று அடுக்கியும் விடுகிறது. சேம், காம், யாப்பேத் என்ற மூன்று கிளைகளை வைத்துத்தான் ஐரோப்பியர் நெடுங்காலம் உலகத்து மக்களை வகுத்தார்கள். 1792இல் வில்லியம் ஜோன்ஸ் இந்தியர்களைக் காமின் கிளையில், கிரேக்கர் ரோமானியரோடு சேர்த்து வைத்தார். ‘மொழிக்குடும்பம்’ என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிற மரத்துக்கு ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தின் மண் ஒட்டியிருக்கிறது. 1856இல் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். சபைக்குள் சாதியை எதிர்த்தவரும் அவர்தான். அதே கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூலில் அவர்களை இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களாகவும், படிப்பும் பண்பாடும் குன்றியவர்களாகவும் சித்திரித்தார். அவர் கையால் கிறித்தவரானவர்களின் பிள்ளைகள் படித்து, 1880களில் அந்நூலை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். எதிர்ப்பும் வம்சத்தின் மொழியில்தான் வந்தது: நாங்கள் அரச பரம்பரை. ஆதாம் ஏவாளை இரு தரப்புமே மறந்துவிட்ட சண்டை அது.

ஆதாம் கதைக்கு வேறொரு வாசிப்பும் கிறித்தவத்துக்குள் இருக்கிறது. ரோமர் நிருபத்தில் ஆதாம் எல்லோரையும் இணைப்பது பெருமையால் இல்லை, பாவத்தால். எல்லோரும் ஒரே கடனில் பிறந்தவர்கள். இப்படிப் பார்த்தால் எந்தக் குடும்பமும் தன் பிறப்பைச் சொல்லி மார்தட்ட முடியாது. 1950 ஆகஸ்டில் பன்னிரண்டாம் பியூஸ் வெளியிட்ட சுற்றுமடல், மனிதகுலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதல் பெற்றோர் இருந்தார்கள் என்ற கருத்தை ஏற்க மறுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். முதல் பாவம் எல்லோருக்கும் எப்படி வந்தது என்று விளக்க முடியாமல் போய்விடும் என்ற கவலை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலையில், யுனெஸ்கோ இனவாதத்துக்கு எதிரான தன் அறிக்கையில் மனிதகுலம் ஒன்று என்று சொல்லியிருந்தது. நூறு வருஷம் முன்னால் பல மூலங்கள் என்ற கொள்கை அடிமை வியாபாரிக்குச் சாதகமாக இருந்தது. 1950இல் அதைப் பேசியவர்கள் பரிணாமத்தை வேதத்தோடு பொருத்திப் பார்க்க முயன்ற பாதிரிமார். சொல் ஒன்று, அரசியல் வேறு.

அறிவியல் இதில் என்ன சொல்கிறது? 1987இல், இன்றுள்ள எல்லா மனிதரின் தாய்வழி மரபணுவும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்ற ஆய்வு வந்தபோது பத்திரிகைகள் அவளுக்கு ஏவாள் என்றே பெயர் வைத்தன. அவள் காலத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள் என்று அதற்குப் பொருளில்லை. நம் மூதாதையர் கூட்டம் எக்காலத்திலும் ஒரே ஒரு சோடியாகச் சுருங்கியதில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் இன்றைய மரபியல். நமக்கு உறைக்க வேண்டிய செய்தி வேறு. இந்தியர்களின் மரபணுவை வைத்து 2013இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்குள்ள மக்கள்கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்கிறது. பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகிவிட்டது. ஆக, ஒரே இரத்தம்தான். பிறகுதான் தனித்தனிப் பந்தி போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகள் தேவை பத்தியில் கிறிஸ்டியன் நாடார், கிறிஸ்டியன் வேளாளர், கிறிஸ்டியன் ஆதிதிராவிடர் என்று வரும் விளம்பரங்களுக்கு இந்த ஆய்வைக் கத்தரித்து அனுப்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆதாமாலேயே ஆகவில்லை.

இதனால் ஒரே மூலம் என்ற கதையே வீண் என்று தூக்கிப் போட்டுவிடவும் எனக்கு மனமில்லை. இராஜநாயக்கன் பெயர் குருத்துவத்துக்கு அடிபட்டதே அந்தக் கதை சபையில் உயிரோடு இருந்ததால்தான். வேறு எந்தக் கோயிலில் 1741இல் அப்படி ஒரு பேச்சாவது எழுந்திருக்கும்? கேட்கிறவன் கையில் அது ஒரு ஆயுதம். ஒத்துக்கொள்கிறவன் கையில் அது செலவில்லாத ஒப்புதல்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், தலித் போதகர். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய இறையியலின் மையச்சொல் ‘ஒரு உலை’. உலை என்றால் அடுப்பில் கொதிக்கிற சோற்றுப்பானை. நம் கிராமத்தில் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரே குடும்பம், பிரிந்தால் உலை பிரிந்தது என்பார்கள். ஒரே இரத்தம் என்ற வசனத்தை அவர் மறுக்கவில்லை. குடும்பம் எது என்ற கேள்வியை இரத்தத்திலிருந்து எடுத்து அடுப்பில் வைத்தார். அவரவரிடம் உள்ளதைக் கொண்டுவந்து ஒன்றாகப் போட்டு ஒன்றாக உண்பதையே நற்கருணையின் பொருளாகப் படித்தார். அதே மதுரையில் 1847இல் அன்பு விருந்து வைத்தபோது, யார் சாப்பிடுகிறார், யார் இலையைத் தள்ளுகிறார் என்று துரைமார் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சமைத்தவரின் பெயரை யாரும் குறிக்கவில்லை. பறட்டையின் உலையில் அரிசி போடுகிறவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்க முடியாது, அவரும் இலை போட்டு உட்கார வேண்டும்.